நாலு விரல் தண்ணீர்

மாமாவின் ஊன்றுகோலில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தரையில் படும் ரப்பர் முனையிலிருந்து ஆறு விரல் உயரத்தில், கட்டையைச் சுற்றி வளையம் போல ஓடும். அது என்னுடைய நகப்பூச்சால் போட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து என் கைப்பையைத் துழாவி, "இது அழியாதில்ல பாப்பா?" என்று கேட்டுவிட்டு அவரே கட்டையைத் திருப்பித் திருப்பிக் கோடு இழுத்தார். பிறகு காயட்டும் என்று ஊதினார். கால் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவர் ஏதோ ஒரு காரியத்தை இவ்வளவு ஆசையாகச் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவர்கள் ஊர். மணிலாக் கடலை போடும் கொஞ்சம் நிலம், இரண்டு கறவை மாடு, அதற்கு மேல் ஊர் ஏரியில் மீன். ஏரியில் மீன் பிடிக்க ஒரு சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாகம். மாமாவின் பாகம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். அகலம் குறைவு, ஆழமும் குறைவு, இரண்டு பக்கமும் சீமைக் கருவேல முள், நடுநடுவே கோரை. யாருக்கும் வேண்டாத இடம். ஆனால் விரால் ஆழமான தண்ணீரில் இருப்பதில்லை, கோரையின் நிழலில் சேற்றோடு சேறாகத்தான் கிடக்கும் என்பது மாமாவுக்குத் தெரியும். பரிசலில் போவார். தரை தட்டினால் இறங்கித் தள்ளுவார், மறுபடி ஏறிக்கொள்வார். ஒரு நாளைக்கு இருபது முறை இறங்கி ஏறுவார். அப்படி இறங்கிய ஒரு நாளில் குதிகாலில் முள் ஏறியது. ஏற்கெனவே அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி. முள்தானே என்று இருந்துவிட்டார். வலி தெரியவில்லை. தெரிந்தபோது முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நடக்கப் பழகியதும் முதல் வேலையாக யாருக்கும் சொல்லாமல் பரிசலில் ஏறினார். பரிசலை ஓட்டுபவன் விளிம்போரம் மண்டியிட்டுக் குனிந்து துடுப்புப் போட வேண்டும். மண்டியிட இரண்டு கால் வேண்டும் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லையாம். கரையை விட்டு இருபதடி போவதற்குள் பரிசல் சுற்றிக் கவிழ்ந்து, இடுப்பளவு தண்ணீரில் அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா அழவில்லை. நனைந்த மனிதரைத் துவட்டிவிட்டு, அன்று சாயங்காலமே பரிசலை வேறு ஊர்க்காரரிடம் கொடுத்தனுப்பினாள். "ஒரு கால குடுத்தது பத்தாதா? அந்தத் தண்ணிக்கு இன்னும் இன்னா வேணுமாம்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பல நாள் மாமா எதற்குமே பதில் சொல்லவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார்.

அவரை எழுப்பியது சங்கத் தலைவர் அனுப்பிய செய்தி. ஏரியில் இறங்காதவர்களின் பெயரை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துவிடப் போகிறார்கள் என்று. தலைவர் கெட்டவர் இல்லை. "நாளைக்கு உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நாந்தானப்பா பதில் சொல்லணும்?" என்று நேரிலேயே வந்து கேட்டார். மாமா, "தண்ணில காலே வெக்காம மீன் புடிச்சா?" என்றார். தலைவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் தலைவரும் நிறுத்திக்கொண்டு, "மழை வந்து கால்வாய்ல தண்ணி வரட்டும். ஏரி வாயிலேர்ந்து தரைப்பாலம் வரைக்கும் தனியா போயி, வலை கட்டிட்டு, தனியா திரும்பி வா. காலை ஊணக் கூடாது, ஒருத்தரும் தொடக் கூடாது. வந்துட்டன்னா உன் பாகம் உன்னுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே மழை பெய்து கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. மறு வாரம் நான் போனபோது மாமா கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார். கையில் நீளமான தூண்டில் கழி. ஆனால் கயிற்றின் நுனியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு கல். அதைக் கால்வாயின் நடுவில் இறக்கி, தரை தட்டியதும் தூக்கி, கயிறு எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு பத்தடி நகர்ந்து மறுபடியும். ஊன்றுகோல்களை இழுத்துக்கொண்டு, முட்செடிகளை ஒதுக்கிக்கொண்டு, கால்வாய் முழுக்க அப்படியே அளந்தார். மூன்று நாள் ஆனதாம். அதிலேயே ஆழம் குறைந்த இடம் தரைப்பாலத்துக்கு முன்னால் இருந்த மணல் மேடு. அங்கே ஆறு விரல் தண்ணீர். அந்த அளவைத்தான் என் நகப்பூச்சால் ஊன்றுகோலில் ஏற்றிக்கொண்டார். "நா உக்காந்து, வலையும் ஏத்தி, இந்தக் கோட்டுக்கு மேல எறங்காத படகு எதுவோ அதுதான் என் படகு" என்றார்.

நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். ஞாயிறு விடுமுறை, ஸ்கூட்டி கைவசம். அதனால் படகு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. மாமா பின்னால் உட்கார்ந்து இரண்டு ஊன்றுகோலையும் கொடிக்கம்பம் போல நேராகப் பிடித்துக்கொள்வார். சிக்னலில் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டபோது ஒரு போலீஸ்காரர் எங்களைப் பார்த்துப் பதறி வழிவிட்டார். "கால் போனதுல இது ஒண்ணு லாபம் பாப்பா" என்றார் மாமா என் காதருகில். அக்காவிடம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று முதல் தடவை பொய் சொன்னோம். இரண்டாம் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை.

முதலில் போனது செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் அறைகள் வாடகைக்கு விடும் ஒருவரிடம். அவர் ஆன்லைனில் காற்றடிக்கும் ரப்பர் படகு வாங்கி வைத்திருந்தார், விற்கவும் தயாராக இருந்தார். மொட்டை மாடியில் காற்றடித்துக் காட்டினார். லேசானது, தண்ணீரில் இலை மாதிரி மிதக்குமாம். மாமா அதன் மேல் கை வைத்து அமுக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது சார். முள்ளு குத்துனா?" என்று கேட்டார். அவர் ஒட்டுப்போடும் பசையும் துண்டுகளும் இருந்த சின்னப் பையை எடுத்துக் காட்டினார். மாமா மரியாதையாக அதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். படியிறங்கும்போது, "எங்க கால்வாய்க்கு அந்த மாரி பை ஒரு மூட்டை வேணும்" என்றார்.

அடுத்து நான் பார்த்து வைத்த படகு. அணைக்கட்டுப் பக்கம் ஒருவர் பழைய ஃபைபர் படகு விற்கிறார் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, படம் வாங்கி வைத்திருந்தேன். நீல நிறம், கூரான மூக்கு, உள்ளே உட்காரப் பலகை. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அதில் மாமா உட்கார்ந்திருப்பதை அக்கா பார்த்தால் சம்மதித்துவிடுவாள் என்று நம்பினேன். மாமாவை ஏற்றி உட்கார வைத்து அவர்கள் கரையோரம் மிதக்கவிட்டார்கள். அவர் ஊன்றுகோலின் ரப்பர் முனையைப் படகின் அடிமட்டம் வரை இறக்கிப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சிவப்புக் கோடு தண்ணீருக்குள் எங்கோ இருக்க, படகு ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது. அடிப்பக்கம் மீன் வயிறு போல வளைந்திருந்தது. "அழகா இருக்குது. ஆழமா போவுது" என்று சொல்லிவிட்டு இறங்கக் கை நீட்டினார்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். "அந்த ஒரு இடம்தானே மாமா தட்டும்? அங்க மட்டும் யாராச்சும் எறங்கித் தள்ளிவிட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அந்த யாராச்சும்தான் வேணாங்கறேன்" என்றார்.

அவர் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னார். "நீ எனக்குப் படகு பாக்கல பாப்பா. உங்கக்காவுக்கு பயம் போறதுக்குப் பாக்குற. அதுவும் தப்பில்ல. ஆனா ஒண்ணுக்குப் போறதுக்கே ஒருத்தரக் கூப்புட்டு ஒருத்தரக் கூப்புட்டு எனக்கு சலிச்சிப்போச்சி. அந்தக் கால்வாய்ல நா தனியாத்தான் இருந்தேன். தனியாத்தான் போவணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வாரமும் நான் தேடியது பார்ப்பவர்களுக்கு ஆறுதலான ஒரு படகு. தண்ணீரை அளந்தவர் அவர். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய காலை மட்டும்தான். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியவில்லை. வண்டியை எடுத்தேன்.

அன்று டவுனுக்குள் இன்னொரு வேலை இருந்தது. அக்காவின் அரிசி டிரம் ஓட்டை விழுந்து, தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரப் பட்டறை வைத்திருந்த பாயிடம் கொடுத்திருந்தாள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் அங்கே தகட்டு வேலை செய்பவர்கள். டிரம்மை வாங்கத்தான் போனோம். பட்டறை வாசலில், தெருவை அடைத்துக்கொண்டு, நீளமான தகரத் தொட்டி ஒன்று கிடந்தது. ஆள் படுக்கிற நீளம், மூன்றடி அகலம், முழங்கால் உயரம். மழைத் தண்ணீர் தேங்கி ஒரு வெள்ளாடு அதில் குடித்துக்கொண்டிருந்தது. மாமா வண்டியிலிருந்து இறங்காமலேயே அதைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் ஊன்றுகோலால் அடியைத் தட்டிப் பார்த்தார்.

"இது இன்னா பாய்?"

"மாட்டுத் தொட்டிண்ணா. பால் பண்ணைக்கு செஞ்சேன். அளவு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எடத்த அடச்சிக்கினு கெடக்குது."

"அடி தட்டையாவா இருக்கும்?"

"தட்டையா இல்லாம? மாடு முட்டுனா ஆடக் கூடாதில்ல."

மாமா ஆட்டை விரட்டி, தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்லி, அந்தச் சந்தின் நடுவில் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பாய் சிரிக்க வாயெடுத்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குண்ணா?" என்று கேட்டார். மாமா கால்வாயைச் சொன்னார், மணல் மேட்டைச் சொன்னார், சிவப்புக் கோட்டைக் காட்டினார். பாய் அந்தக் கோட்டில் விரலை வைத்து அளந்தார். பிறகு, "எங்கப்பா காலத்துலேர்ந்து தண்ணி உள்ள நிக்கிறதுக்குத்தான் செஞ்சிக்கினு இருக்கோம். வெளிய நிக்கிறதுக்கு செய்யணும், அவ்ளோதான? அதே வேலைதான்" என்றார்.

ஆனால் அதே வேலையாக அவர் செய்யவில்லை. முன்னும் பின்னும் செங்குத்தாக நின்ற தகட்டை வெட்டிச் சரிவாக வைத்துப் பற்றவைத்தார். கோரையை முட்டாமல் மேலே ஏறிப் போகுமாம். இரண்டு கோடியிலும் காற்றுப் புகாத பெட்டிகள் வைத்தார். கவிழ்ந்தாலும் மூழ்காது. நடுவில் உயரம் குறைந்த ஒரு பலகை, வெட்டிய கால் இளைப்பாற ஒரு மெத்தை வைத்த கட்டை. அடுத்த ஞாயிறு சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே ஏரிக்கு வந்தார். ஊரே திரண்டு வந்து, மாட்டுத் தொட்டியில் மீன் பிடிக்கப் போகிறான் என்று சிரித்தது. மாமா ஏறி உட்கார்ந்ததும் பாய் தண்ணீரில் இறங்கி விரல் வைத்துப் பார்த்தார். நாலு விரல். இன்னொரு முறை பார்த்தார். "நாலே வெரல்தாண்ணா!" என்று அவர் கத்தியது எதிர்க்கரை வரை கேட்டிருக்கும்.

மிதந்தது. ஆனால் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நீளக் கழியால் தள்ளினால் தொட்டி ஒரு பக்கமாகத் திரும்பியது. துடுப்புக்கு அங்கே ஆழம் இல்லை. ஒரு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு மாமா கரையில் கிடந்த ஊன்றுகோல்களைக் கேட்டார். இரண்டு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்து, இரண்டு பக்கமும் தரையில் ஒரே நேரத்தில் ஊன்றி அழுத்தினார். தொட்டி நேராகப் போனது. மாதக்கணக்காக உடம்பு முழுவதையும் தூக்கித் தூக்கி அவர் தோள்கள் முறுக்கேறியிருந்தன. "நடக்கறேன் பாப்பா!" என்றார். பாய் இரண்டு மூங்கில் கோல்களின் நுனியில், சேற்றில் புதையாதபடி தகட்டு வட்டம் வைத்துக் கொடுத்தார். பதினைந்து நாளில் மாமா கால்வாயில் திரும்பவும், நிற்கவும், பின்னால் போகவும் பழகிக்கொண்டார்.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழை ஒரு வாரமாக நின்றிருந்தது. விடிந்ததும் மாமா கல் கட்டிய கயிற்றை மணல் மேட்டில் இறக்கிப் பார்த்தார். ஐந்து விரல்தான். ஒரே ஒரு விரல் மிச்சம், அதிலும் வலையின் பாரம் இருக்கிறது. தலைவர், "வேணும்னா மழை வந்து பாத்துக்கலாம்பா" என்றார். மாமா வேண்டாம் என்றார். நான் அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமா புறப்பட்டார். பாதுகாப்புக்காகச் சங்கத்தில் இரண்டு பேர் பரிசலில் பின்னால் போனார்கள். மற்றவர்கள் கரையோடு நடந்தோம். கோரைப் பகுதியில் தொட்டி சரசரவென்று ஏறிப் போனது. முள் கிளைகள் தகட்டில் உரசிக் கீச்சிட்டன, அவ்வளவுதான். பாய் என் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். மணல் மேடு வந்தது. மேட்டின் உச்சிக்குச் சற்று முன்னால் தொட்டி நின்றுவிட்டது. மாமா இரண்டு கோலையும் ஊன்றி அழுத்தினார். அசையவில்லை. பின்னால் பரிசலும் தரை தட்டி நின்றது. அதிலிருந்த ஒருவர் பாவப்பட்டுச் சட்டென்று தண்ணீரில் குதித்து, தள்ளிவிடக் கையை நீட்டிக்கொண்டு ஓடினார்.

"தொடாதீங்க!"

அக்காவின் குரல். எப்போது வந்தாள், எந்தப் பக்கமாக வந்தாள் என்று தெரியாது. புடவையைச் சொருகிக்கொண்டு முட்புதருக்கு நடுவில் நின்றிருந்தாள். "எவரும் கை வெக்காதீங்க. அவரே வருவாரு!" என்றாள். ஓடியவர் அப்படியே நின்றார். மாமா திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தார்.

பிறகு அவசரப்படாமல், முன்னால் கிடந்த வலைச் சுருளை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தார். பலகையிலிருந்து கையை ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்தார். தொட்டியின் மூக்கு மெல்ல எழுந்தது. கோல்களை ஊன்றி ஒரு தள்ளு. மூக்கு மேட்டின் மேல் ஏறியது. இப்போது வலையை முன்னால் எறிந்து, அவரும் முன்னால் நகர்ந்தார். வால் எழுந்தது. இன்னொரு தள்ளு. தகடு மணலில் உரசுகிற சத்தம் கேட்டது, நின்றது. தொட்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. பரிசல்காரர்கள் இரண்டு பேரும் இறங்கிக் கணுக்கால் நனைய நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார். நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

தரைப்பாலத்தில் வலையைக் கட்டிவிட்டு அவர் திரும்பியபோது தொட்டியில் பாரம் இல்லை. மேட்டை ஒரே வீச்சில் தாண்டினார். ஏரி வாயில் வந்து நின்றதும் தலைவர் குனிந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ இருக்கற வரைக்கும் இந்தக் கால்வாய் உன்னுதுய்யா" என்றார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் இப்போது பதவி உயர்வில் வேறு அறைக்கு மாறிவிட்டேன். சங்கத்தில் இன்று அதே மாதிரி மூன்று தொட்டிகள் இருக்கின்றன. மூட்டுவலிக்காரர் ஒருவரும், இடுப்பு ஒடிந்து தேறிய ஒருவரும், இரண்டு காலும் நன்றாக இருக்கிற, ஆனால் முள்ளுக்குப் பயப்படுகிற ஒருவரும் ஓட்டுகிறார்கள். பாய் பட்டறையில் மாட்டுத் தொட்டி கேட்டுப் போனால், மாட்டுக்கா மீனுக்கா என்று கேட்கிறார். மாமா இன்றும் தினம் போகிறார். கிழக்கே வெயில் ஏறி மலை வெளுக்கும் நேரத்தில் கோரைக்கு மேலே அவருடைய தலைப்பாகை மட்டும் நகர்ந்து போவதைக் கரையிலிருந்து பார்க்கலாம். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமையின் கடைசிக் கொஞ்ச நேரம்தான்.

எல்லோரும் மாமாவைத் தூக்கி இறக்கக் கை நீட்டினார்கள். அவர் இறங்கவில்லை. கோலை ஊன்றித் தொட்டியைத் திருப்பினார்.

"இன்னும் எங்க மாமா?" என்று கேட்டேன்.

"வலையப் போட்டுட்டு வந்துருக்கேன். யாரு எடுக்கறது?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். இந்தத் தடவை பின்னால் பரிசல் போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. கூட்டம் பேசிக்கொண்டே கலைந்தது. அக்கா கரையில் ஒரு கல்லைத் தூசி தட்டிவிட்டு, கால்வாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "உக்காருடி, வர நேரமாவும்" என்று சொல்லி, காலில் ஏறியிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். என் அலுவலகத்தைப் பற்றி விசாரித்தாள். அவள் அப்படி நிதானமாக உட்கார்ந்து பேசி எத்தனை மாதமாகியிருந்தது.

வெகு நேரம் கழித்துத் தரைப்பாலத்துப் பக்கமிருந்து ஒரு கூவல் வந்தது. விரால், விரால் என்று மாமா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் துள்ளி எழுந்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள். "புளி ஊற வெச்சிட்டுதான் வந்தேன்."